கூடையில்லாமல் குதிரையில்

நாகலெட்சுமி குதிரையிலிருந்து பன்னிரண்டு தடவை விழுந்தாள். பன்னிரண்டையும் நின்று பார்த்த பாவி நான். ஏழு தடவை கத்தினேன். மூன்று தடவை தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தேன். ஒரு தடவை, இந்த வேலையே வேண்டாம் என்று கேட் வரைக்கும் நடந்துபோய், பஸ் இல்லாததால் திரும்பி வந்தேன். மிச்சமிருக்கும் ஒரு தடவையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

என் பெயர் சிறில். நுவரெலியா ரேஸ் மைதானத்தில் அப்பா குதிரை கழுவினார். நானும் கழுவினேன், பிறகு ஓட்டப் பழகினேன், பிறகு மற்றவர்களுக்குப் பழக்கினேன். வயது ஐம்பத்தேழு. கோபம் வரும், காரணம் தேடிக்கொண்டு வராது, அதுவாகவே வரும். மூன்று வருடங்களுக்கு முன்னால் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய துரை பங்களாவை ஹோட்டல் ஆக்கினார்கள். வெளிநாட்டுக்காரர்களைத் தேயிலை மலைக்குள் குதிரையில் கூட்டிப்போவதற்கு மூன்று குதிரைகளை வாங்கி, அவற்றைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். மூன்றில் மூத்தது ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு செம்பட்டைப் பெட்டைக் குதிரை. மெனேஜர் அதற்கு பிரின்சஸ் என்று பெயர் வைத்தார். நான் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

குதிரைக்கு நான் இருந்தேன். மலைக்குத்தான் ஆள் இல்லை. முன்னால் ஒரு குதிரையில் வழிகாட்டிக்கொண்டு போக, பாதை தெரிந்த ஒருவர் வேண்டும். முதலில் வந்தவன் கட்டாரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இரண்டாவது ஆளை பிரின்சஸ் தோளில் கடித்தது. மூன்றாவது ஆள் கொழும்பிலிருந்து வந்தவர், நல்ல சப்பாத்து போட்டிருந்தார். பனிமூட்டத்தில் இரண்டு ஜெர்மன்காரர்களோடு நான்கு மணி நேரம் காணாமல் போனார்.

நாகலெட்சுமி அப்போது குதிரைச் சாணி அள்ளிப்போக வருவாள். கீழே இருக்கும் தொழிலாளர் லயத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி லீக்ஸ். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இருபது வயதில் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தவளுக்கு இப்போது நாற்பத்து நான்கு. ஒருநாள் காலை பிரின்சஸ் கயிற்றை அறுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குள் இறங்கிவிட்டது. நான் பின்னால் ஓடினேன். ஓடும் குதிரைக்குப் பின்னால் ஓடக்கூடாது என்று முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நானே ஓடினேன். கீழே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த இவள், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு எதிரே நடந்து வந்தாள்.

"வா தாயி. அந்தப் பக்கம் கான் பள்ளம் இருக்கு. கால ஒடிச்சுக்கிட்டு நிக்காத."

கடிக்கிற குதிரை, தலை குனிந்துகொண்டு அவள் பின்னால் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் அவளைத்தான் திட்டினேன்.

பங்களா விறாந்தையில் நின்ற மெனேஜர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கண்டிக்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு யோசனை வந்துவிட்டால் யாரும் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. இந்த மலையில் பாதையெல்லாம் தெரியுமா என்று அவளிடம் கேட்டார்.

"பாதையா? எந்தச் செடிய எந்த வருசம் கவாத்து வெட்டுனாங்கன்னே தெரியும் மாத்தையா."

பேச்சு அங்கேயே முடிந்தது. இரண்டு மாதத்துக்குள் குதிரை ஓட்டப் பழக வேண்டும். கடைசிச் சனிக்கிழமை விருந்தாளிகளை ஏழாம் நம்பர் மலை வழியாகக் கல் பாலத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வேண்டும். செய்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் பழையபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான்.

அந்தக் கூடைதான் இங்கே விஷயம். கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும். அதன் கயிறு தலை உச்சியில் கிடக்கும். நிறைந்தால் பதினைந்து கிலோ, மழை நாளில் இருபது. இருபத்து நான்கு வருடமாக அந்தப் பாரத்தைத் தலையால் இழுத்தவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து, வலது கை மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. இனித் தலையில் பாரம் மாட்டக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். மாட்டாவிட்டால் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சோறு இல்லை.

முதல் நாள் ஹெல்மெட் போட்டுவிட, தலையில் கட்டியிருந்த துணியை எடுக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கி எடுத்தாள். உச்சியில் கயிறு கிடந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன். ஹெல்மெட்டை மாட்டியதும் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தாள்.

"தல மேல ஒன்னு இருக்கு, ஆனா கனக்கலண்ணே," என்றாள், ஏதோ பெரிய அதிசயத்தைக் கண்டதுபோல.

அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. அதற்குப் பிறகு இரக்கப்பட நேரம் கொடுக்கவில்லை.

ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் குதிரையின் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சரி, அது அவள் நம்பிக்கை, நானும் சிலுவை போட்டுக்கொள்கிறவன்தான். ஆனால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "ஒன் முதுகுல ஏறுறதுக்கு மன்னிச்சுக்க தாயி, நானும் சொம தூக்குனவதான்" என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டே நிற்பாள். குதிரைக்குக் காது குத்திட்டு நிற்கும், எனக்குக் கால் கடுக்கும்.

"ஏம்மா, ஏறப் போறியா, இல்ல ரெண்டு பேரும் ஒக்காந்து கத பேசப் போறீங்களா?"

முதல் விழுதலைச் சொல்கிறேன். உலகத்தில் வேறு யாரும் அப்படி விழ முடியாது. ஐந்தாம் நாள். ஏழாம் நம்பர் மலையின் ஓரப் பாதையில், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, அவள் குதிரை மேல் வந்தாள். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. சட்டென்று பின்னால் 'தொப்'. திரும்பிப் பார்த்தால் குதிரை நிற்கிறது, சேணம் காலி. இவள் தேயிலைச் செடிக்குள் மல்லாந்து கிடக்கிறாள். வலது கை நிறையக் கொழுந்து.

பாதையோரத்தில் எடுக்காமல் விட்ட ஒரு செடி வளர்ந்து நின்றிருக்கிறது. அதைப் பார்த்ததும் இரண்டு கையும் கடிவாளவாரை விட்டுவிட்டுக் கொழுந்து கிள்ளப் போயிருக்கின்றன.

"நீ என்ன மனுசியா? குதிர மேல ஒக்காந்து கொழுந்து எடுக்குற?"

"நா எடுக்கலண்ணே. கையி எடுத்துருச்சு."

எழுந்தவள், அடிபட்டதா என்று தன் உடம்பைப் பார்க்கவில்லை. விழுந்ததில் முறிந்த கிளையை நிமிர்த்தி வைத்து, கொழுந்தை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை பிரின்சஸுக்கு ஊட்டப் பார்த்தாள். குதிரை முகர்ந்துவிட்டுத் தும்மியது. விழுந்தால் உடனே ஏற வேண்டும், ஒரு நிமிஷம் தாமதித்தால் பயம் ஒட்டிக்கொள்ளும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே மழைத்தண்ணீர் ஓடும் கானின் கட்டில் ஏறி நின்று, அங்கவடியில் காலை வைத்துவிட்டாள். பயம் என்பது அவளிடம் இல்லவே இல்லை. இருந்திருந்தாலாவது கொஞ்சம் கவனமாக இருந்திருப்பாள்.

கையைக் கட்டுப்படுத்த இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் உண்மையான தலைவலி. மேட்டில் ஏறும்போது அவளைப்போல உட்கார ஆள் கிடையாது. உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, குதிரைக்குப் பாரமே தெரியாத மாதிரி போவாள். பள்ளத்தில் இறங்கும்போதுதான் வினை. இறக்கத்தில் உடம்பு பின்னால் சாய வேண்டும். அவளுக்கோ முன்னால்தான் சாயும். குதிரை ஒரு அடி தடுமாறினால் போதும், கழுத்து வழியாகச் சறுக்கிக்கொண்டு இவள் கீழே. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாமே ஏழாம் நம்பர் மலை வளைவில், எல்லாமே முன்பக்கமாக.

"பின்னால சாஞ்சு ஒக்காரு!"

"சாஞ்சுதாண்ணே ஒக்காந்துருக்கேன்."

"இதுக்குப் பேரா சாயிறது? குதிர காதக் கடிக்கப் போறவ மாதிரி இருக்க!"

"நானா சாயுறேன்? ஒடம்பு சாயுது."

எல்லாவற்றையும் செய்ய அவளுக்கு வேறொரு ஆள் இருந்தது. கை எடுத்தது, உடம்பு சாய்ந்தது, கண் பார்த்தது. நாகலெட்சுமி மட்டும் எதையும் செய்யவில்லை. இடுப்பில் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். பிடரியில் கம்பு வைத்துப் பார்த்தேன். தலைகீழாக நின்று பார்த்தேன் என்று சொல்லவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. ஒன்பதாவது தடவை விழுந்த அன்றுதான் நான் கேட் வரை நடந்தது.

பஸ் இல்லாமல் திரும்பி வருகிறபோது, மதியக் கொழுந்தை நிறுப்பதற்குப் பெண்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நிறைந்த கூடையோடு, இறக்கத்தில், வரிசையாக, எல்லோரும் முன்னால் சாய்ந்து. பின்னால் பாரம் இழுக்கிறது. இவர்கள் முன்னால் சாய்ந்து அதைச் சமன் செய்கிறார்கள். ஒருத்திகூடத் தடுமாறவில்லை. நான் பாதை நடுவில் நின்றுவிட்டேன். இருபத்து நான்கு வருடம் அப்படி நடந்தவளின் முதுகில் இப்போது கூடை இல்லை. ஆனால் முதுகுக்கு அது தெரியாது. இல்லாத பாரத்துக்காக இன்னும் முன்னால் சாய்ந்துகொண்டிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை.

"லெச்சுமி, நாளைக்கு வாறப்ப ஒன் கொழுந்துக் கூடையக் கொண்டு வா."

அவள் முகம் மாறியது. "எதுக்கு?"

"முதுகுல மாட்டிக்கிட்டு ஏறு. உள்ள ஒரு அஞ்சாறு கிலோ கல்லு போடுவோம். அப்ப சரியா ஒக்காருவ."

"வேணாண்ணே."

"ஒரே ஒரு நாளைக்கு."

"வேணான்னா வுட்டுருங்கண்ணே."

விட்டேனா? சனிக்கிழமைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, ஒன்பது தடவை விழுந்தாயிற்று, உனக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்று போட்டு அமுக்கினேன். மறுநாள் கூடையோடு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொட்டில் ஆணியில் மாட்டினாள். கயிறும் ஹெல்மெட்டும் ஒரே தலையில் இருக்க முடியாதே. துணியை மடித்து உச்சியில் வைத்து, அதன் மேல் கயிற்றைப் போட்டுக்கொண்டாள். அன்றைக்குக் குதிரையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

ஏழாம் நம்பர் மலை வளைவில் இறங்கினாள். பாறை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கல் பாலம் வரை போய்த் திரும்பினாள். நான் விசில் அடித்தேன். வயசான காலத்தில் கை தட்டிக் குதித்தேன். அந்த நேரம் பார்த்து மெனேஜர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஹரி ஷோக்! ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் புகழ்ந்து கத்திக்கொண்டே, முன்னால், பின்னால், பக்கத்தில் என்று படம் எடுத்தார். சாயங்காலத்துக்குள் படம் பேஸ்புக்கில் ஏறிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் எங்கள் இருவரையும் கூப்பிட்டுத் தீர்மானத்தைச் சொன்னார். இனி நாகலெட்சுமி குதிரையில் போகும்போது கூடையோடுதான் போக வேண்டும். சிவப்புச் சேலை, மூக்குத்தி, முதுகில் வார்னிஷ் அடித்த புதுக் கூடை, கூடைக்குள் பிளாஸ்டிக் கொழுந்து. விருந்தாளிகள் இதற்காகவே வருவார்களாம். பாரம் சரியாக இருக்கக் கல் வேண்டுமென்றால் அடியில் போட்டுக்கொள்ளலாம், வெளியே தெரியாது என்றார்.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். குதிரை தன் பங்குக்குத் தள்ளத்தான் செய்தது. குழியைப் பறித்தவன் நான்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், கோபத்தோடு லயத்துக்கு இறங்கினேன். இவளுக்காக நான் படாத பாடுபட, இவள் வீட்டில் உட்கார்ந்திருப்பாளா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். அவள் பின்வாசலில் லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தேத்தண்ணி போடப் போனாள், போகும்போதே திரும்பி நின்றாள்.

"ஒங்களுக்குத் தெரியாதாண்ணே, நா ஏன் குதிரையில ஏறுனேன்னு?"

"வேலைக்கு."

"வேல மலையிலயும் இருக்கு. கூடைய எறக்கி வைக்கத்தான் ஏறுனேன். இப்ப குதிர மேல போனாலும் அந்தக் கூட, கீழ நடந்தாலும் அந்தக் கூட. கொழுந்துகூட இல்ல, கல்லு! யாரோ படம் புடிக்கிறதுக்கு நா கல்லச் சொமக்கணும்." ஈரக்கையால் உச்சியைத் தொட்டாள். "ஒம்பது தடவ விழுந்தேன். ஒரு நாளாவது வலிக்குதுன்னு சொன்னேனா? இதுதாண்ணே வலிக்குது. மாத்தையா பண்ணுனா பரவாயில்ல, அவருக்குத் தெரியாது. நீங்க பாத்தீங்கள்ல என் தலைய?"

பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்ட ஆள் நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்லிச் சிரித்துத் தப்பித்துவிடலாம். ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. தேத்தண்ணியை நின்றபடியே குடித்தேன்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வா. ஆறுன்னா ஆறு. அங்க ஒன் குதிரகிட்ட கத பேசிக்கிட்டு நிக்கக் கூடாது."

"அந்தக் கூட?"

"ஹெல்மெட்டப் போட்டுக்க."

மிச்சமிருந்த நாட்களில் இன்னும் இரண்டு தடவை விழுந்தாள். பத்தாவது, பதினொன்றாவது. பதினொன்றாவது தடவை எழுந்து, சேலைக்குக் கீழே போட்டிருந்த காற்சட்டையில் மண்ணைத் தட்டியபடி, ஏதோ யோசித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, நா எங்க பாக்குறேன்?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒன் கண்ணுதான் பாக்குது, நீ பாக்கலயே."

"கீழதான் பாக்குறேன். எப்பவும் கீழதாண்ணே. கயிறு கெடந்தா மேல பாக்க முடியாதுல்ல."

மறுபடி ஏறினாள். இந்தத் தடவை எதிர் மலையைப் பார்த்தாள். அங்கே சவுக்கு மரங்களுக்கு நடுவில் ஒரு மாரியம்மன் கோயிலின் சிவப்புக் கூரை தெரியும். அதையே பார்த்துக்கொண்டு வளைவில் இறங்கினாள். முதுகு நிமிர்ந்தது. முழுதாகச் சரியாகவில்லை, முக்கால்வாசி. முப்பது வருடம் பழக்கியவனுக்கு, 'தூரத்தைப் பார்' என்று முதல் நாளே சொல்லத் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் அதுவும் ஒரு பழைய பாடம்தான். எல்லோரும் ஏற்கெனவே தூரத்தைப் பார்க்கிறவர்களாக இருந்ததால் சொல்லும் தேவையே வராமல் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

சனிக்கிழமை வந்தது. நல்ல வெயில். ஒல்லாந்திலிருந்து வந்த வயதான புருஷனும் பெண்சாதியும் மற்ற இரண்டு குதிரைகளில் ஏறித் தயாராக இருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நடந்து போக வேண்டும். மெனேஜர் படிக்கட்டில் நின்றார், கையில் புதுக் கூடை. வார்னிஷ் வாசம் கொட்டில் வரை வந்தது. நாகலெட்சுமி ஹெல்மெட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தாள். மேலே ஒரு பச்சை ஸ்வெட்டர்.

"சேலை எங்கே?" என்று மெனேஜர் சிங்களத்தில் கேட்டார். பிறகு கூடையை நீட்டினார்.

அவள் வாங்கினாள். இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, பிரின்சஸ் பக்கத்தில் கொண்டுபோய்த் தரையில் வைத்தாள். கவிழ்த்து வைத்தாள். பிளாஸ்டிக் கொழுந்தெல்லாம் புல்லில் கொட்டியது. குள்ளமான மனுஷி, ஏறுவதற்கு எப்போதும் ஒரு கல்லோ கான் கட்டோ வேண்டும். கூடையின் அடியில் இடது காலை வைத்து அழுத்தி, மற்றக் காலை வீசி ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிரம்பு 'சடக்' என்று முறிந்தது.

மெனேஜர் வாயைத் திறந்தபடி நின்றார். ஒல்லாந்துக்காரர்கள், இந்த ஊரில் குதிரை ஏறும் வழக்கமே இதுதான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அந்த அம்மா படம் வேறு எடுத்தார். இதற்கு என்னத்தைச் சொல்வது?

வளைவு வரைக்கும் அழகாகப் போனாள். எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு, முதுகு நேராக. எனக்கு மூச்சு சீராகத் தொடங்கிய இடத்தில், செடிக்கடியிலிருந்து ஒரு காட்டுக்கோழி படபடவென்று எழுந்து பறந்தது. பிரின்சஸ் முன்காலைத் தூக்கிப் பக்கவாட்டில் துள்ளியது. நாகலெட்சுமி போனாள். பன்னிரண்டாவது.

பின்னால் இரண்டு குதிரைகள், மேலே இரண்டு வயதான ஆட்கள், பக்கத்தில் பள்ளம். முன்குதிரை ஓடினால் பின்குதிரைகளும் ஓடும். அதுதான் குதிரையின் புத்தி. ஓடவில்லை. ஏனென்றால் கானுக்குள் முழங்கால் மடிந்து கிடந்தவளின் கை மட்டும் மேலே இருந்தது, கையில் கடிவாளவார் இருந்தது. விழும்போது இரண்டு கையையும் விட்டுவிட்டுச் செடியைப் பிடிப்பதுதான் அவள் வழக்கம். அந்த ஏழு தடவையும் நான் தொண்டை வறளக் கத்தியது, 'வாரை விடாதே' என்பதற்காகத்தான்.

"ஒன்னுமில்ல தாயி, கோழிதான்," என்றாள் கானுக்குள்ளிருந்து. பிரின்சஸ் நின்றது. அவள் எழுந்தாள். பக்கத்தில் ஒரு கிளை முறிந்து தொங்கியது. அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கான் கட்டில் ஏறி நின்று, அங்கவடியில் காலை வைத்து, ஏறி உட்கார்ந்து, எதிர் மலையைப் பார்த்தாள். எல்லாமே ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. நான் கத்தவில்லை, தொப்பியைத் தொடவில்லை. அழுதேன். பனி கண்ணில் பட்டது என்று சொல்லலாம்தான், ஆனால் அன்றைக்கு நல்ல வெயில் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

கல் பாலம் வரை போய், எல்லோரும் முழுதாகத் திரும்பினார்கள். வளைவில் நடந்ததை மெனேஜர் மேலேயிருந்து பார்த்திருக்கிறார். விழுந்த ஆளுக்கு எப்படி வேலை கொடுப்பது என்று ஆரம்பித்தார். அந்த ஒல்லாந்து அம்மா குதிரையிலிருந்து இறங்கிய கையோடு, விழுந்தும் வாரை விடாத ஆளோடுதான் நாளைக்கும் போவேன், வேறு யாரோடும் போகமாட்டேன் என்றார். மெனேஜர் முறிந்த கூடையைப் பார்த்தார், அவள் முழங்காலில் ஒழுகிய ரத்தத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை கடிதம் கொடுத்தார். வேலை: குதிரை வழிகாட்டி. கூடையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிய வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை கொட்டிலில் சாணி மலைபோலக் குவிந்து கிடந்தது.

"லெச்சுமி, சாணி?"

"நா இனிக் கூட தூக்க மாட்டேண்ணே. வழிகாட்டிக்குச் சாணி அள்ளுற வேல கடிதத்துல இல்ல."

வேலை கிடைத்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் சட்டம் பேசுகிறாள். சாணி போகவேண்டிய ஹோட்டல் மரக்கறித் தோட்டம் நூற்றிப்பத்துப் படிக்கட்டுக்குக் கீழே, தள்ளுவண்டி போகாது. வேறு ஆளும் இல்லை. கோபத்தோடு அந்த முறிந்த புதுக் கூடையை எடுத்து, அடியில் சாக்கு வைத்துத் தைத்து, பாதிக்குச் சாணியைப் போட்டேன். தோளில் மாட்டப் பார்த்தேன், கயிறு வழுக்கியது. கடைசியில், அவர்கள் மாட்டுகிற மாதிரியே தொப்பிக்கு மேல் உச்சியில் கயிற்றைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். ஐந்தாறு கிலோ இருக்கும், அதற்கு மேல் இல்லை.

பிரின்சஸ் மேல் உட்கார்ந்து, விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தவள் மேலேயிருந்து என்னைப் பார்த்தாள்.

"குனியாதீங்கண்ணே. எதிர் மலையப் பாருங்க."

கேலிதான். எனக்குச் சுள்ளென்று ஏறியது. இவளுக்கு ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்று, நின்று, எதிர் மலையில் அந்தக் கோயில் கூரையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினேன். முடியவில்லை. கயிறு உச்சியைப் பிடித்து இழுத்தது, கழுத்துக்குள் ஏதோ கடகடத்தது. இன்னொரு தடவை முயன்றேன். என் செருப்பும் அடுத்த படியும்தான் தெரிந்தன. நூற்றிப்பத்துப் படியும் இறங்கி முடிக்கிற வரைக்கும் வேறொன்றும் தெரியவில்லை.